அப்பா சொன்ன நிறம்

நான் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். பத்தொன்பது வருடம் பஹ்ரைனில் அடித்தேன், இப்போது தக்கலையில் அடிக்கிறேன். ஒரு கதவில் கீறல் விழுந்தால் அந்தக் கதவுக்கு மட்டும் அடித்து, பக்கத்துக் கதவோடு வித்தியாசம் தெரியாமல் சேர்த்துவிடுவதுதான் என் பிழைப்பு. கம்பெனி வெள்ளை என்று ஒன்றைச் சொல்லும். இரண்டு வருடம் வெயிலில் நின்ற பிறகு அது வேறு வெள்ளை. ஒரு சொட்டு மஞ்சள், அரைச் சொட்டு கறுப்பு கலந்தால்தான் பழைய கதவோடு ஒட்டும். இதைக் கண்டுபிடிக்க மெஷின் உண்டு. ஆனால் பஹ்ரைனில் என் முதலாளிக்கு மெஷினைவிட என் கண்மேல்தான் நம்பிக்கை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பின்னால் நடந்ததற்கு அந்தப் பெருமையும் ஒரு காரணம்.

எனக்கு ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு எனக்கு. அவளுக்குப் பத்து வயது முடிவதற்குள் நான் அவளோடு இருந்த நாட்களையெல்லாம் சேர்த்தால் ஒரு பள்ளிக்கூட வருடம்கூடத் தேறாது. மற்றபடி போன்தான். அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எனக்கு அங்கே மதியம். சாப்பிட்டுவிட்டு அறையில் எல்லோரும் படுத்திருப்பார்கள். நான் காலை நீட்டும் நேரத்துக்குச் சரியாக போன் அடிக்கும்.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு நாள் அப்படி அடித்தது. எங்கள் வீடு மண்டைக்காட்டுக்குப் பக்கம், கடலுக்கு நடந்து போகிற தூரம். கடற்கரை மணலில் அடம்புக்கொடி படர்ந்து கிடக்கும். போனை என் மனைவி பிடித்திருக்க, மகள் உள்ளங்கையில் ஓர் அடம்பு இலையை வைத்து நீட்டினாள். இலைமேல் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத் தங்கம் ஒட்டியிருந்தது.

"அப்பா, உயிரோட இருக்குப்பா! நடக்கு!"

அது ஒரு வண்டு. ஆமையைப் போல முதுகு ஓடு, ஓரமெல்லாம் கண்ணாடி. நடுவில் தங்கம். மஞ்சள் என்று சொல்ல முடியாது, மெட்டாலிக் என்றும் சொல்ல முடியாது. உருக்கிய தங்கத்தின் மேல் கண்ணாடி மூடியதுபோல் இருந்தது. என் கைவழியாக எத்தனையோ நிறம் போயிருக்கிறது, அந்த நிறத்தை எந்தக் கம்பெனியும் போட்டதில்லை. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"வெயில்ல கொண்டு போ மக்களே. சரிச்சுப் பிடி. இன்னும் கொஞ்சம். ஆங். அது மஞ்சள் பேஸ் இல்ல, வெள்ளி பேஸ். அதுக்கு மேல மஞ்சள் பேர்ல். அதுக்கு மேல கிளியர் கோட் ரெண்டு."

பேஸ் என்பது அடிப்பூச்சு, பேர்ல் முத்துப்போல் மினுங்குவது, கிளியர் கோட் எல்லாவற்றுக்கும் மேலே அடிக்கும் நிறமற்ற பளபளப்பு. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் ஏதோ அந்த வண்டைச் செய்த ஆள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

மறுநாள் அதே நேரத்துக்கு அழுதுகொண்டே கூப்பிட்டாள். டப்பாவில் போட்டு வைத்திருந்த வண்டு செத்துவிட்டது. அழுகை அதற்கில்லை. தங்கம் போய், காய்ந்த புளியங்கொட்டைத் தோல் நிறத்தில் ஏதோ ஒன்று கிடந்தது. "யாரோ மாத்திப் போட்டுட்டாவப்பா. இது அது இல்ல," என்றாள்.

"அதுதான் மக்களே. செத்தா போயிரும் போலிருக்கு."

"ஏன் போவு?"

"தெரியாது."

அன்றைக்கு நான் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். அது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அப்பாவுக்கும் தெரியாத ஒன்று கிடைத்துவிட்டதே.

அதற்குப் பிறகு அவள் உயிரோடு எதையும் பிடிக்கவில்லை. முன்வாசல் விளக்குக்குக் கீழே காலையில் செத்துக் கிடப்பதை மட்டும் எடுப்பாள். லீவுக்கு வரும்போது நான் கொண்டுவந்த பேரீச்சம்பழ டப்பாவில், எறும்பு ஏறாமல் இருக்க மூலைக்கொரு பாச்சை உருண்டை வைத்து, வரிசையாக அடுக்குவாள். சாயங்காலம் எனக்குக் காட்டுவாள். நான் நிறம் சொல்வேன். ஒரு சிவப்புத் தும்பிக்கு, "ஆரஞ்சு கலந்த சிவப்பு, மேல கொஞ்சம் பிரவுன் தூவல்." ஒரு வெட்டுக்கிளிக்கு, "மாங்கா பச்சை, வயித்துப் பக்கம் வெள்ளை கூட." பச்சையாக மின்னும் பொன்வண்டு கிடைத்த அன்று அரை மணி நேரம் பேசினோம். சரித்தால் பச்சை, இன்னும் சரித்தால் நீலம், விளிம்பில் செம்பு. அறையில் படுத்திருந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படிச் சரித்துச் சரித்துப் பார்த்ததில் நாங்கள் இருவரும் ஒன்றைக் கண்டுபிடித்தோம். சில பூச்சி எப்படிப் பிடித்தாலும் ஒரே நிறம். சில பூச்சி பார்க்கிற பக்கத்துக்குத் தக்கபடி மாறும். எனக்கு அது புதிதல்ல. ஒன்று சாலிட் பெயிண்ட், மற்றொன்று பேர்ல் என்றேன். அவள் அதோடு விடவில்லை. பள்ளிக்கூட நூலகத்தில் தேடி, டீச்சரைத் துளைத்து, ஒரு வாரம் கழித்து எனக்குப் பாடம் எடுத்தாள். தும்பிக்கும் வெட்டுக்கிளிக்கும் உடம்பில் சாயம் இருக்கிறதாம். தின்கிறதிலிருந்து கொஞ்சம் எடுக்கும், கொஞ்சம் தானே உண்டாக்கும். செத்தால் அந்தச் சாயம் கெட்டுப்போகும். பொன்வண்டில் பச்சைச் சாயமே கிடையாதாம். ஓட்டில் அடுக்கடுக்காக மெல்லிய தகடுகள், வெளிச்சம் பட்டால் பச்சையை மட்டும் திருப்பி அனுப்பும். தகடு இருக்கிறவரை பச்சை இருக்கும்.

"அப்போ தங்க வண்டு?" என்று கேட்டேன்.

"அதுக்கும் தகடுதாம்ப்பா. ஆனா தகட்டுக்குள்ள ஈரம் இருக்கணும். செத்தா காஞ்சிரும்லா."

இதைச் சொல்லும்போது அவளுக்குப் பத்து வயது.

எதற்காக நிறம் என்று இன்னொரு நாள் ஆரம்பித்தாள். இலையில் இருப்பது பச்சை, மரப்பட்டையில் இருப்பது சாம்பல், அது ஒளிந்துகொள்ள, சரி. இலவ மரத்தடியில் கூட்டம் கூட்டமாக ஊரும் சிவப்புப் பூச்சி மட்டும் ஏன் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிற்கிறது? எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் மரத்தடியில் உட்கார்ந்து அவளே பதிலோடு வந்தாள். ஒரு காக்கைக் குஞ்சு கொத்தியது, துப்பியது, அலகைத் தரையில் தேய்த்தது. "இனி அது சிவப்பு எதப் பாத்தாலும் தொடாதுப்பா. சில பூச்சி சும்மாவே செவப்பா இருக்குமாம், காக்காவ ஏமாத்த." நான் அது டூப்ளிகேட் என்றேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அறையில் எல்லோருக்கும் இதைச் சொன்னேன். ஒரு மலப்புறத்துக்காரர், உன் மகளை நன்றாகப் படிக்க வை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதை அப்படியே காப்பாற்றிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு ஒன்றும் பெரிய செலவு இல்லை. தினம் பத்து நிமிடம், விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புது மேனேஜர் வந்தார். மதிய ஓய்வு குறைந்தது. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது, தின்னர் வாடையில் தலைவலி வேறு. சாப்பிட்டுக் கண்ணை மூடினால் போன் அடிக்கும். போனை மார்பின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே பதில் சொல்லப் பழகினேன். அவள் "இது என்ன கலர்ப்பா?" என்பாள். நான் "பச்சை" என்பேன்.

"என்ன பச்சை?"

"ஏதோ பச்சை மக்களே. அப்பா கொஞ்சம் தூங்கட்டா?"

சில நாள் "அப்புறம்" என்பேன். அந்த அப்புறம் வராது. ஒரு நாள் என் மனைவி போனை வாங்கி, "பிள்ள பத்து நிமிசமா நோட்டும் கையுமா நிக்கி. கண்ணத் தொறந்து பாத்துச் சொன்னா என்ன கொறஞ்சா போவிய?" என்று கேட்டாள். நோட்டு என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. என்ன நோட்டு என்று நான் கேட்கவில்லை.

மகளுக்குப் பன்னிரண்டு வயதில் அந்த லீவு வந்தது. வந்த மூன்றாம் நாள், அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, அலமாரி மேல் அந்தப் பேரீச்சம்பழ டப்பாவைப் பார்த்தேன். திறந்தேன். எனக்கு மனசு கலங்கிவிட்டது. போனில் நான் பார்த்த சிவப்புத் தும்பி, துருப்பிடித்த ஆணி நிறத்தில் கிடந்தது. மாங்காய்ப் பச்சை வெட்டுக்கிளி வைக்கோலாகியிருந்தது. தங்க வண்டு சொல்லவே வேண்டாம். நாற்பதுக்கு மேல் இருக்கும், எல்லாம் மங்கிப்போய் ஒரே மண் நிறம். பொன்வண்டு ஒன்றுதான் கிடைத்த அன்று போல மின்னியது. பிள்ளை மூன்று வருடம் பொத்திப் பொத்திச் சேர்த்தது இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்தேன். போனில் தூங்கிக்கொண்டே பதில் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்து குத்தியது. இதற்கு ஒரு பரிகாரம் செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் என் கையில் இருந்தது.

மனைவியின் ஸ்கூட்டரில் கீறல் என்று சொல்லியிருந்ததால் டச்-அப் பெயிண்ட் குப்பிகள் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தேன். இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, அதிலும் நாலைந்து முடியை மட்டும் விட்டு மற்றதை வெட்டினேன். மாமனாரின் பூதக்கண்ணாடியை வாங்கிவந்தேன். இரண்டு நாள், அவள் பள்ளிக்கூடம் போனதிலிருந்து வருகிற வரைக்கும், பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஞாபகம் இருந்த நிறத்தையெல்லாம் கொண்டுவந்தேன். தும்பிக்கு ஆரஞ்சு கலந்த சிவப்பு, மேலே பிரவுன் தூவல். வெட்டுக்கிளிக்கு மாங்காய்ப் பச்சை. ஞாபகம் இல்லாதவற்றுக்கு எனக்கு அழகாகத் தோன்றியதை அடித்தேன். தங்க வண்டைக் கடைசியாக எடுத்தேன். வெள்ளி பேஸ், மஞ்சள் பேர்ல், கிளியர் கோட் இரண்டு. காய்ந்த பிறகு வெயிலில் சரித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த வேலையிலேயே சிறந்த வேலை அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "பிள்ளட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள்.

"ஏட்டி, சொல்லிட்டுச் செய்தா அதுல என்ன இருக்கு?"

இரண்டாம் நாள் சாயங்காலம் மகள் வந்தாள். பையைக்கூட இறக்க விடாமல் டப்பாவை நீட்டினேன். திறந்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். தும்பியை எடுத்துத் திருப்பினாள், அதன் வயிற்றுப் பக்கமும் பெயிண்ட் இருந்தது. பிறகு தங்க வண்டைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. என் முகத்தை அவள் பார்த்த நேரம் கொஞ்சம் அதிகம். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

"நல்லாருக்குப்பா," என்றாள்.

போட்டோ எடுத்து பஹ்ரைன் அறையிலிருந்த எல்லோருக்கும் அனுப்பினேன். அத்தனை பேரும் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள்.

லீவு முடிந்து திரும்பிப் போனேன். அதற்குப் பிறகு அவள் எனக்கு ஒரு பூச்சியைக்கூடக் காட்டவில்லை. போனில் சாப்பிட்டீங்களா, பரீட்சை எப்போது, மழை உண்டா, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் சாயங்கால போனே நின்று, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை என்றாகியது. பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. மதியத் தூக்கம் திரும்பக் கிடைத்தது.

பிறகு அவள் கம்ப்யூட்டர் படிக்கச் சென்னைக்குப் போனாள். நான் அங்கே கணக்கு முடித்துக்கொண்டு ஊரோடு வந்து தக்கலையில் ஒரு ஷெட் போட்டேன். நான் வந்து சேர்ந்தபோது அவள் வீட்டில் இல்லை. இத்தனை வருடம் நான் அவளை விட்டுவிட்டு இருந்ததற்கு இது சரிதான்.

போன ஐப்பசி மழையில் மச்சு ஒழுகியது. மேலிருந்த சாமான்களை இறக்கும்போது பேரீச்சம்பழ டப்பாவும், அதன் அடியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு நீளமான நோட்டும் வந்தன. திறந்தேன்.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். முதல் கட்டம் தேதி. இரண்டாவது, பூச்சி. மூன்றாவது கட்டத்தின் தலைப்பு "அப்பா சொன்ன நிறம்". அதற்கடுத்து ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று வரிசையாகக் கட்டங்கள்.

முதல் வரியில் தங்க வண்டு. அப்பா சொன்ன நிறம்: வெள்ளி பேஸ், மஞ்சள் பேர்ல், கிளியர் கோட் இரண்டு. அடுத்து, மறுநாள்: பழுப்பு. ஓரத்தில் சின்ன எழுத்தில், உயிரோடு இருக்கும்போது மட்டும். தும்பிக்கு நான் சொன்ன ஆரஞ்சும் பிரவுன் தூவலும் அப்படியே இருந்தன. ஒரு மாதத்தில் ஆரஞ்சு போய்விட்டது, ஆறு மாதத்தில் சிவப்பு அடிவயிற்றில் மட்டும், ஒரு வருடத்தில் முழுக்கத் துரு. பொன்வண்டுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் "அப்படியே". எது எவ்வளவு நாளில் மங்குகிறது, எது மங்கவே இல்லை என்று மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தங்க வண்டு செத்த அன்று அவள் என்னிடம் கேட்டு நான் தெரியாது என்று சொன்ன கேள்விக்குப் புத்தகத்தில் பதில் படித்தாகிவிட்டது. அது நிஜமா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது அவளுக்கு. பார்ப்பதற்கு நான் சொன்ன நிறத்தைத்தான் அளவாக வைத்திருந்தாள். என் தொழிலில் பழைய கதவை வைத்துக்கொண்டு புதிய கதவைப் பார்ப்பதுபோல.

பக்கங்களைத் திருப்பத் திருப்ப என் நிறங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. இரண்டு வரி, ஒரு வரி, ஒரு சொல். பச்சை. பச்சை. கறுப்பு. ஏதோ பச்சை. "ஏதோ பச்சை" என்று நான் சொன்னதை அவள் மரியாதையாக அப்படியே எழுதியிருந்தாள். அதற்கு நேரே மற்றக் கட்டங்களில் கேள்விக்குறி. ஏதோ பச்சையோடு எதை ஒப்பிடுவது? பல இடத்தில் மூன்றாவது கட்டத்தில் "அப்புறம்" என்று இருந்தது.

கடைசிப் பக்கத்தில் கட்டங்களுக்குக் குறுக்கே ஒரே வரி. "அப்பா எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். இனி பார்க்க முடியாது." அதற்குப் பிறகு கோடு மட்டும் போட்ட பக்கங்கள் நிறைய இருந்தன. முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறாள்.

நோட்டை மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "எல்லாத்துக்கும் நீங்கதான் காரணம்னு நெனச்சிராதிய. அவளுக்கும் வேற படிப்பு பிடிச்சிருக்கலாம்," என்றாள். இருக்கலாம். ஆனால் அந்தக் காலிப் பக்கங்களைப் பார்த்தவன் நான்.

கோயில் மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மகள் ஊருக்கு வந்தாள். மனைவி அம்மனைக் கும்பிட வரிசையில் நிற்க, நாங்கள் இருவரும் கூட்டத்திலிருந்து விலகிக் கடற்கரைப் பக்கம் நடந்தோம். ஐஸ்கிரீம் வண்டிகளைத் தாண்டி, ஆள் இல்லாத இடத்தில் அடம்புக்கொடி கிடந்தது. நான்தான் குனிந்து இலை இலையாகத் திருப்பினேன். எட்டாவதோ ஒன்பதாவதோ இலையின் அடியில் அது இருந்தது. அந்தத் தங்கம்.

"மக்களே, இஞ்ச பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். தொடவில்லை. "ஆமாப்பா," என்றாள். நிறம் கேட்பாள் என்று காத்திருந்தேன். பதில் எனக்கு வாய் வரை வந்திருந்தது. அவள் கேட்கவில்லை.

"அந்த நோட்ட நான் பாத்தேன்," என்றேன். "நான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

"அய்யோ, அதெல்லாம் சின்னப் பிள்ளேல. விடுங்கப்பா."

"எல்லாம் மங்கிப் போச்சுன்னு நீ வெசனப்படுவேன்னு நெனச்சேன்."

"மங்குறதத்தான் பாத்துட்டு இருந்தேன்ப்பா," என்றாள். குரலில் கோபம் இல்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மக்களே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா தின்னர் போட்டு அழிச்சாவது..."

அவள் இலையைப் பழையபடி கவிழ்த்து வைத்தாள். "நாப்பது நாள்தான இருப்பிய. அதுல ரெண்டு நாள் எனக்காகப் பெயிண்ட் அடிச்சே போச்சு. பிறவு எப்பிடிப்பா சொல்ல?"

கோயிலில் வெடி போட்டார்கள். அம்மா தேடுவாள், வாங்க போகலாம் என்றாள். போனோம்.

அவள் சென்னைக்குப் போன பிறகு டப்பாவை எடுத்து வெயிலில் வைத்துத் திறந்தேன். அந்தப் பொன்வண்டு அப்படியே இருக்கிறது. அதை விடுங்கள். நான் பெயிண்ட் அடித்தவற்றைத்தான் பார்த்தேன். தும்பியின் சிவப்பு கொஞ்சமும் இறங்கவில்லை. தங்க வண்டைச் சரித்துப் பார்த்தேன். வெள்ளி பேஸ், மஞ்சள் பேர்ல், கிளியர் கோட் இரண்டு. நல்ல கம்பெனிப் பெயிண்ட், நன்றாக அடித்தது. என் காலத்துக்குப் பிறகும் மங்காது.